இரண்டு சொட்டுக்கு நடுவே ஐந்து நிமிடம்

சிவகங்கையில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க எனக்கும் சாமிக்கும் நடுவே ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. காரைக்குடியில் அந்தக் காலை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், விளக்கேற்றி ஒரு கும்பிடு போடுவதோடு சரி. அதனால் ஓய்வு பெற்றதும் நேர்ந்துகொண்டேன்: நாற்பத்தெட்டு நாள், காலை ஆறு மணிக்கு நடை திறக்கும்போதே அம்மன் முன்னால் நிற்பதென்று.

பதினோராம் நாள் பூக்கூடையோடு கிளம்பினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. அந்த வீட்டு அக்கா தனியாக இருப்பவர். அவரோடு நான் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் சோறு வைக்கிற தெருப் பூனைகள் என் மொட்டை மாடி வடகத்தின் மேல் ஊர்வலம் போனதில் வந்த சண்டை. நான் கத்தியபோது, "பூனைக்குப் பட்டாவா காட்ட முடியும்?" என்று கேட்டார். அத்தோடு பேச்சு நின்றது.

கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள் என்று தெருவில் கேள்விப்பட்டிருந்தேன். துணைக்கு வந்திருந்த மகள், பிள்ளைக்குப் பரீட்சை என்று முந்தின நாள்தான் கோயம்புத்தூர் திரும்பியிருந்தாள். இப்போது அக்கா நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்து, தானே கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்ளப் பார்த்தார். ஒரு சொட்டு நெற்றியில் விழுந்தது. அடுத்தது காதுப் பக்கம் ஓடியது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"கொண்டாங்க, நான் விடுறேன்."

"கோயிலுக்குத்தானே கெளம்புனீக? போங்க."

"போறேன். மொதல்ல கட்டில்ல படுங்க."

கையைக் கழுவிவிட்டு, கீழ் இமையை மெல்ல இழுத்து, குனிந்தேன். சிவந்து, நீர் கோத்து, பயந்திருந்தது அந்தக் கண். மூச்சைப் பிடித்துக்கொண்டு குப்பியை அழுத்தினேன். ஒரு சொட்டு, சரியாக விழுந்தது.

"அடுத்த மருந்துக்கு அஞ்சு நிமிசம் விடணுமாம்" என்றார், கண்ணை மூடியபடி. அந்த ஐந்து நிமிடமும் மின்விசிறி மட்டும்தான் பேசியது.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தீபாராதனை முடிந்திருந்தது. அழுகையே வந்தது. மறுநாளும் ஆறு மணிக்குத்தான் அவருக்கு முதல் சொட்டு. வாசலில் நின்று ஒரு கணம் யோசித்தேன். கால் அவர் வீட்டுக்குள்தான் போனது.

மூன்றாம் நாள், அந்த ஐந்து நிமிடத்தில், அக்கா தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீகளே?"

"கேளுங்க."

"டிவி பாக்கக் கண்ணு கூசுது. ஏழு மணி சீரியல்ல அந்த மருமக வீட்டவிட்டுப் போயிட்டாளா, இருக்காளா?"

சீரியல் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள் நான். அன்றைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் மாமியார் குரலில் மாமியாரையும் மருமகள் குரலில் மருமகளையும் பேசிக்காட்டினேன். "சிரிக்க வைக்காத, கண்ணு ஆடுது!" என்று என் கையில் ஒரு அடி போட்டார். இரண்டு வருடம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் 'நீ' அது. எனக்கு ஏனோ நெஞ்சு நிறைந்துபோனது.

நேர்ந்துகொண்ட கணக்கை அதன்பின் விட்டுவிட்டேன். ஒருநாள் தாமதமாகப் போனபோது குருக்கள், "என்னம்மா, காலையில ஆளையே காணோம்?" என்றார். சொன்னேன். சிரித்துக்கொண்டே குங்குமம் கொடுத்து, "அந்தம்மாவுக்கும் கொண்டுபோங்க" என்றார்.

உண்மையைச் சொல்லவேண்டும். சன்னதியில் கண்ணை மூடி நின்ற அந்தப் பத்து நாளும் என் மனசு, அடுப்பை அணைத்தேனா, பால் வாங்கினேனா என்றே அலைந்தது. ஆனால் அக்காவின் கண்மேல் குனிந்து நிற்கும்போது மட்டும் எங்கேயும் போகாது. அவருக்கு வலிக்கக் கூடாது என்ற ஒன்றைத் தவிர எனக்குள் அப்போது வேறெதுவும் இருக்காது. எந்த அமைதியைத் தேடிக் கோயிலுக்குப் போனேனோ, அது அந்தக் கட்டில் ஓரத்தில் தினமும் எனக்காகக் காத்திருந்தது. அம்மன் அங்கேயும் இருந்தாள் என்றுதான் நம்புகிறேன்.

மருந்து நிறுத்தி, புதுக் கண்ணாடி போட்டதும் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடியே, ஒனக்கு இம்புட்டு நரையா? இத்தன நாளும் கொமரின்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

அந்த வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்தே கோயிலுக்குப் போனோம். திரை விலகியதும், "மூக்குத்தி தெரியுது! அம்மன் மூக்குத்தி தெரியுது!" என்று கத்திவிட்டார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் அம்மனைப் பார்க்கவில்லை. அதில் குறை ஒன்றும் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் என் கையை உதறிவிட்டு, தெருவில் கண்ணில் பட்ட பலகையையெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். மருந்துக்கடை, தையல்கடை, புதுவயல் போகிற பஸ், கண்டனூர் போகிற பஸ். ஒரு நடத்துநர் வண்டியை நிறுத்தி, "ஏறுறீகளா?" என்று கேட்டார்.

"இல்லப்பா, வாசிக்கிறேன்" என்றார் அக்கா.