கரண்டியின் ஐந்து மணி மாத்திரை

“குனிஞ்சா வலிக்குதா, நிமிர்ந்தா வலிக்குதா?”

“ரெண்டும்.”

“முதல்ல எப்போ வந்தது?”

“காலையில.”

“காலையிலன்னா? எழுந்ததுமா, பல் தேய்க்கும்போதா? அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க? அதையே இன்னொரு தடவை பண்ணிக் காட்டுங்க.”

அக்கா இப்படிக் கேட்கத் தொடங்கினால் கணவர் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிடுவார். “வலி போயிடுச்சு தாயே. ஐயோன்னு வந்தா தைலத்தோட வருவாங்க, நீ விண்ணப்ப படிவத்தோட வர்றியே!” அவர் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பழுது என்றால் கையில் ஸ்பேனர் எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. முதலில் பழுதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் கட்சி. திருமணமாகிப் பத்தொன்பது வருடங்களில் இரண்டு கட்சிக்கும் உடன்பாடு ஏற்படவில்லை.

அக்காவுக்கு வயது நாற்பத்து நான்கு. பிழைப்பு, பல் செட் செய்யும் கூடத்தில். மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, மேல் தாடையும் கீழ்த் தாடையும் வார்த்து, கடி சேருகிறதா என்று பார்ப்பார். இரண்டுக்கும் நடுவே நீல மைத்தாளை வைத்து அழுத்தினால் பல் படும் இடமெல்லாம் மை ஒட்டும். எங்கே ஒட்டவில்லையோ அங்கே இடைவெளி. “மை பொய் சொல்லாது” என்பார். ஒரு நாளைக்குப் பதினோரு செட். பன்னிரண்டாவது வந்தால் நாளைக்கு என்று எழுதி ஒட்டிவிடுவார்.

பகல் பன்னிரண்டு ஐம்பதிலிருந்து ஒன்றரை வரை சாப்பாட்டு நேரம். பத்து நிமிடத்தில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மாவு படிந்த மேசையின் ஓரத்தில் ஒரு துணியை விரித்து மடிக்கணினியைத் திறப்பார். அங்கேதான் அவருடைய இரண்டாவது உத்தியோகம்; சம்பளம் கிடையாது.

மாத்திரை சாப்பிடும் நேரத்தில் மணி அடிக்கும் ஒரு செயலி. அதை எந்த நிறுவனமும் செய்யவில்லை. பல ஊர்களில் இருக்கும் முப்பது, முப்பத்தைந்து பேர் ஓய்வு நேரத்தில் எழுதியது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், ஓட்டை தெரிந்தால் அடைத்துத் திருப்பிக் கொடுக்கலாம். அடைத்தது சரியா என்று பார்த்துச் சேர்க்கும் உரிமை ஓர் இளைஞர் கையில் இருக்கிறது. குழுவில் அவர் பெயர் சாவிக்காரர். அக்காவுக்கு நிரல் ஒரு வரி எழுதத் தெரியாது. அவர் வேலை, வரும் புகார்களை முதலில் வாங்கிப் படிப்பது, எந்தப் பதிப்பு, எந்த போன், எப்போது நடந்தது என்று கேட்பது, பழுதைத் தன் போனில் மறுபடி வரவழைத்துப் பார்ப்பது. ஆறு வருடத்தில் 2,317 புகார்கள் அவர் கையைக் கடந்திருக்கின்றன. இந்த எண்ணிக்கையை அவர் யாரிடமும் சொன்னதில்லை, கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

நிறையப் பேர் சேர்ந்து செய்யும் வேலையில் பொறுமைக்கும் ஒரு அச்சு தேவைப்படும். அக்காவும் ஒரு பதிலை எழுதித் தயாராக வைத்திருந்தார். “தகவல் போதாது. முழு விவரம் தராவிட்டால் இந்தப் புகார் மூடப்படும்.” ஒரு விரல் தட்டினால் போய்ச் சேரும். பாதிப் பேர் அதற்குப் பிறகுதான் ஒழுங்காக எழுதுவார்கள்.

புகார் எண் 3,183-க்கும் அப்படித்தான் தட்டினார். எழுதியவர் வைத்துக்கொண்ட பெயர், கரண்டி. “சில நாள் சாயந்தரம் அஞ்சு மணிக்கு மணி அடிக்கல. சரி பண்ணுங்க.” அவ்வளவுதான். எந்தப் பதிப்பு என்று அக்கா கேட்டதற்கு ஆறு நாள் கழித்துப் பதில். செயலி தனக்குள் எழுதி வைக்கும் பதிவேட்டைக் கேட்டதற்கு ஒன்பது நாள் கழித்து, மணி அடிக்காத மூன்று நாட்களின் பதிவை மொத்தமாகக் கொட்டினார். அக்கா போனில் மணி அடித்தது. குழுவில் மேலும் நான்கு பேர் போனிலும் கணீரென்று அடித்தது. எனவே, ஒரு தட்டு.

அன்று மாலையே பதில் வந்தது.

“இது நான் போடற பிரஷர் மாத்திரை. எங்க அண்ணன் இதே மாத்திரையை மறந்து மறந்துதான் ஒரு பக்கம் கைகால் விழுந்து படுத்திருக்கார். இதுக்கு மேல என்ன தகவல் வேணும்?”

அதோடு சரி. அக்கா மன்னிப்புக் கேட்டு எழுதினார், பதில் இல்லை. பத்து நாள் விட்டு மறுபடி எழுதினார், இல்லை. தொண்ணூறு நாள் பேச்சில்லாத புகாரைத் தானாகவே மூடிவிடும் ஏற்பாடு ஒன்று அங்கே உண்டு. அதற்கு வாட்ச்மேன் என்று பெயர். யாராவது ஒரு வரி எழுதினால் வாட்ச்மேன் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவான். அக்கா ஒரு வரி, ஒரு வரியாக எழுதிக்கொண்டே இருந்தார்.

கரண்டியின் பேச்சு நின்ற நாற்பத்தெட்டாம் நாள், குழுவின் சனிக்கிழமைக் கூட்டம். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து போனில் பேசுவார்கள்.

“அக்கா, அந்த மூவாயிரத்து நூத்தி எண்பத்தி மூணை விட்டுடுங்க” என்றார் சாவிக்காரர். “அவர் வேற ஆப்புக்குப் போயிருப்பார்.”

“போயிருந்தா சந்தோஷம். போகலைன்னா?”

“அஞ்சு போன்ல அடிக்குதுக்கா. நீங்க செத்த செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கீங்க.”

“செத்துச்சா இல்லையான்னு தெரியாமத்தானே தம்பி ஊத்தறேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அக்காவுக்கு உறைத்தது. அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

“சரிக்கா” என்றார் சாவிக்காரர், குரலைத் தணித்து. “பதினாலாம் தேதி புது வெர்ஷன் விடறேன். அதுக்குள்ள ஒரே ஒரு போன்ல அந்த மணியை அடிக்க விடாம பண்ணிக் காட்டுங்க. முடியலைன்னா மூடிடறேன். கோவிச்சுக்காதீங்க.”

மூடிவிட்டால் பிறகு அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அன்றிலிருந்து அக்கா அந்த மூன்று பதிவுகளையும் திரும்பத் திரும்பப் படித்தார். ஒருவர் ஐயோ என்று வந்திருக்கிறார். இவர் அவரிடம் படிவத்தை நீட்டியிருக்கிறார். அதன் பிறகு அவர் சத்தமே இல்லை.

ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. திரையில் பார்த்துச் சலித்துப்போய், மூன்று பதிவுகளையும் காகிதத்தில் எடுத்து வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பரப்பி, கூடத்திலிருந்து கொண்டுவந்த நீலப் பென்சிலால் மணி ஐந்து என்ற வரியைத் தேடினார். முதல் பதிவில் இல்லை. இரண்டாவதில் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. மணி அடிக்கவில்லை என்பது தெரிந்த விஷயம். ஆனால் நான்கு இருபத்தொன்பதுக்கு ஒரு வரி இருக்கிறது, அடுத்த வரி ஐந்து முப்பது. நடுவில் அந்த போனில் நிமிடத்துக்கு ஒரு முறை விழ வேண்டிய வரி ஒன்றுகூட விழவில்லை.

“இங்க ஒரு மணி நேரத்தையே காணோம்” என்றார்.

கணவர் செய்தித்தாளை இறக்கினார். “எனக்கும் ஞாயித்துக்கிழமைன்னா அப்படித்தான்.”

“விளையாடாதீங்க. வரிக்குக் கடைசியில பாருங்க, இந்தக் குட்டி நம்பர்.”

திரையில் வரியின் வால் வெட்டுப்பட்டுப் போகும், யார் கண்ணிலும் படாது. போன் எந்த ஊர் நேரத்தில் இருக்கிறது என்று சொல்லும் எண் அது. முதல் பதிவில் மூன்றாக இருந்தது நான்காகிறது. ஐந்து நாள் கழித்து நான்கு, ஐந்தாகிறது. அடுத்ததில் ஐந்து, ஆறு. மூன்று நாளும் அதே சாயங்காலம் நாலரைக்கு.

கணவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று காகிதத்தையும் இரண்டு முறை பார்த்தார். “பிளேன்ல போறவன்னா ஒரே தாவா தாவுவான். இவன் வாரத்துக்கு ஒரு படி ஏறறான். மெதுவா, கிழக்கால. இது கப்பல் டி. ஒரு மணி நேரம் முன்னாடி போகணும்னா எல்லார் கடிகாரத்தையும் சேர்த்துத் தள்ளி வைப்பாங்க.”

“கப்பல்ல கரண்டிக்கு என்ன வேலை?”

கேட்டுவிட்டு அக்காவே வாயைப் பொத்திக்கொண்டார். “சமையல்காரர்!”

கணவர் சிரிக்க ஆரம்பித்தார். அக்கா சிரிக்கவில்லை. போனை எடுத்து, ஐந்து மணிக்கு ஒரு மாத்திரையைப் பதிந்து, மேசை நடுவில் வைத்தார். மணி நான்கு ஐந்து. இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சரியாக நாலரைக்குப் போனின் ஊர் நேரத்தை ஒரு படி கிழக்கே தள்ளினார். போன் ஐந்தரை என்று காட்டியது. ஐந்து மணி தாண்டிவிட்டது, இனி நாளைக்குத்தான் என்று செயலி சமாதானமாக இருந்துவிட்டது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணி. மணி அடிக்கவில்லை.

“அடிக்கல!” என்று அக்கா எழுந்தே விட்டார். “அடிக்கலைங்க! அடிக்கவே இல்ல!”

“ஒண்ணுமே நடக்காததுக்கு இப்படிக் குதிக்கிற ஒரே ஆள் நீதான்” என்றார் கணவர். ஆனால் அவரும் எழுந்து நின்றிருந்தார்.

மௌனமாகக் கிடக்கும் போனைப் படம் பிடித்து அனுப்பினார். ஏழாவது நிமிடத்தில் சாவிக்காரரிடமிருந்து வந்தது: “அக்கா, உங்க காலைக் காட்டுங்க, விழணும்.” திருத்தம் மொத்தம் ஒன்பது வரி. இரண்டு பேர் சரிபார்த்தார்கள். பதினாலுக்குக் காத்திருக்காமல் பதினோராம் தேதியே புதுப் பதிப்பு வெளியானது. 3,183-இல் அக்கா, “தவறு எங்களுடையது. சரிசெய்துவிட்டோம். நீங்கள் நலமாக இருப்பதாக ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்” என்று எழுதினார்.

செயலி பிழைத்தது. ஆனால் அந்த ஆள்? அதற்குப் பிறகு பதினாறு நாட்கள் அக்கா சாப்பாட்டு நேரத்தில் வேறு எதையும் திறப்பதற்கு முன் அந்த ஒரு பக்கத்தைத் திறந்தார். திறப்பார், பார்ப்பார், மூடுவார்.

இருபத்தேழாம் தேதி, பகல் ஒன்று நான்குக்கு, அங்கே புதிதாக ஒன்று இருந்தது.

“அக்கா, கோவத்துல எழுதிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. மறுநாளே கப்பல்ல வாங்கின நெட் கார்டு தீர்ந்துபோச்சு, அப்புறம் ரொம்ப நாள் கரையே கிடைக்கல. நான் நல்லா இருக்கேன். மணி ஏமாத்தின அன்னிக்கெல்லாம் சாப்பாடு போடும்போது ஞாபகம் வந்து முழுங்கிட்டேன். அப்புறம் என்ஜின் ரூம்ல ஒருத்தர்கிட்ட சொல்லி வச்சேன். டெய்லி அஞ்சு மணிக்குக் கதவைத் தட்டி ‘முழுங்குடா கரண்டி’ன்னு கப்பலே அதிர்ற மாதிரி கத்துவாரு. போன துறைமுகத்துல உங்க புது வெர்ஷன் போட்டேன். முந்தாநாள் கடிகாரம் தள்ளினாங்க. மணி அடிச்சுது. அவரும் கத்தினாரு. இப்போ ரெண்டையும் நிறுத்த முடியல.”

அக்கா அதை மூன்று முறை படித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: “இந்தப் புகாரை நீங்களே மூடுங்க தம்பி.”

எட்டு நிமிடத்தில், அந்தப் பக்கத்தின் தலையில், புகார் திறந்திருக்கிறது என்று பச்சையாக இருந்த அடையாளம் நிறம் மாறியது. மூடியவர்: கரண்டி.

சாப்பாட்டு நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. அக்கா மடிக்கணினியை மூடினார். போனில் செயலியைத் திறந்து, மருந்தின் பெயர் என்ற கட்டத்தில் ‘தூக்கம்’ என்றும், நேரம் என்ற கட்டத்தில் ஒன்றரை என்றும் பதிந்தார். பக்கத்தில் வைத்துவிட்டு, மாவு படிந்த மேசையிலேயே கைகளை மடித்துத் தலையைச் சாய்த்தார்.