கொப்பரைக்குள் சொருகிய துப்பாக்கி

குடோன் காவலுக்கு வரும் தம்பிமாருக்காக, நான் பயந்த பயத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் காலம். கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பரைக் குடோனில் காவலுக்குச் சேர்ந்தேன். முதல் நாள் காலையில் முதலாளி பூட்டிய அலமாரியைத் திறந்து ஒற்றைக்குழல் துப்பாக்கியைக் கையில் தந்தார். லைசென்ஸ் அவர் பெயரில். காவலாளின் பெயரையும் குழித்துறைத் தாலுகா ஆபீசில் எழுதிச் சேர்த்தால்தான் அவன் அதைத் தொடலாம். எங்கள் சந்தையில் யாரும் அதைச் செய்வதில்லை. காவலாள் மாறிக்கொண்டே இருப்பான், அவனுக்காகக் குழித்துறைக்கு யார் அலைவது என்பார்கள்.

அன்று பதினோரு மணிக்குப் போலீஸ் இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தார். காவல்காரன் நிமிர்ந்து நிற்க வேண்டும். நான் துப்பாக்கியைக் கொப்பரைக் குவியலில் சொருகி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“எழும்புலே.”

“காலு மரத்துப் போச்சு ஏமானே.”

“ஒனக்க காலுக்கெடையில நீட்டிட்டு நிக்குதது என்னது?”

“துப்பாக்கிக்க கொழலு ஏமானே.”

இன்னொரு பொய் சொல்வதற்குக்கூடப் பயம் விடவில்லை.

முதலாளி ஓடிவந்து லைசென்ஸை நீட்டினார். “இதுல இவனுக்க பேரு எங்க?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“நான் குடுக்கல்ல. எனக்குத் தெரியாம எடுத்திருக்கான்.”

அப்படியானால் எனக்கு ஜெயில். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் கோபம் பயத்தை முந்திக்கொண்டது. எழுந்துவிட்டேன்.

“மொதலாளி, துப்பாக்கி ஒமக்க அலமாரியில பூட்டிக் கெடக்கும். சாவி ஒமக்க அரைஞாண்ல தொங்குது. ஒமக்க மடியில கைய விட்டா நான் எடுத்தேன்? ஏமானே, அதையும் சேத்து எழுதிக்கிடுங்க.”

இன்ஸ்பெக்டர் முதலாளியின் இடுப்பைப் பார்த்தார். சாவி அங்கேதான் இருந்தது.

“ஓய், துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்கும். இவனுக்க பேர எழுதிச் சேத்துட்டு வந்து எடும்.”

அவர் போனதும் முதலாளி சீறினார். “நாளைக்கே ஒன்ன மாத்துதேன்.”

“மாத்தும். வாறவனுக்க பேரையும் எழுதத்தான வேணும்? எப்படியும் குழித்துறைக்குப் போகணும். எனக்க பேரையே எழுதும்.”

மறுநாள் அவர் பஸ் ஏறினார். என் பெயர் லைசென்ஸில் ஏறும்வரை வெறும் கம்போடு நின்றேன். கூலியும் குறையவில்லை, கொப்பரையும் குறையவில்லை.

தம்பிமாரே, தாளில் உங்கள் பெயர் ஏறாமல் துப்பாக்கியைத் தொடாதீர்கள். முதலாளி முறைத்தால் முறைக்கட்டும். பயந்துகொண்டே கேட்டாலும் கேள்வி கேள்விதான்.