பேஸ்பால் திடலில் பீச்சாங்கை

நனைந்த செங்கல் தூளுக்கு ஒரு வாசம் உண்டு. நின்றபடி முகர்ந்தால் மழை விட்ட கையோடு புதுச் சுவரருகே நிற்பதுபோல இருக்கும். முகம் குப்புற விழுந்து, அது தலைக்கவசக் கம்பிகளுக்கு இடையே புகுந்து பல்லில் நறநறத்தால் வாசம் மறந்து ருசிதான் நினைவில் தங்கும். என் பல்கலைக்கழகக் காலத்தில் ஓர் இளவேனில் முழுவதும் என் வாயில் அந்த ருசிதான் இருந்தது.

நான் ஜெர்மனியின் ஹம் நகரில் பிறந்து வளர்ந்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில். படிக்கப் போன இடத்தில் நான் அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்ந்தேன். பெயரில்தான் கால், இரு முனையும் கூரான பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, மறிப்பவர்களை இடித்தும் ஏய்த்தும் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டிய ஆட்டம் அது. "கையைக் காலை முறிச்சுக்கொண்டு வந்து நிக்காதை" என்பது மட்டும்தான் அம்மா அதைப் பற்றிச் சொன்னது.

அந்தப் பருவத்தில் எங்கள் புல்தரையைக் கிளறி வடிகால் குழாய் பதிக்கத் தொடங்கிவிட்டார்கள். போக்கிடமில்லாமல் நின்ற எங்களுக்கு, ரயில் பாதையோரம் இருந்த ஒரு பேஸ்பால் கழகம் தன் திடலைத் தந்தது. பேஸ்பால் திடல் விரித்த விசிறி போன்றது. எங்களுக்கு வேண்டியதோ நீண்ட செவ்வகம். நாடாவோடும் சுண்ணாம்போடும் ஒரு காலைப்பொழுது முழுவதும் மல்லுக்கட்டிய பிறகு, செவ்வகம் ஒருவாறு உள்ளே அடங்கியது. ஒரு முனை செங்கல் தூள் பரப்பிய பகுதியில் போய் விழுந்தது. மறுமுனை மரவேலிக்கு ஓரடி முன்னால் முடிந்தது. அந்த வேலியை நோக்கி எவரையும் ஓடவிட முடியாது என்று தலைமை நடுவர் சொல்லிவிட்டதால், இரண்டு அணிகளும் ஒரே திசையில், செங்கல் தூள் பக்கமாக மட்டுமே தாக்கவேண்டும் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு முறை பந்து கைமாறும்போதும் எல்லோரும் மூட்டை முடிச்சோடு இடம்மாறுவதுபோல மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வருவோம். பார்க்க வந்தவர்கள் சிரிப்பார்கள். பக்கவாட்டிலும் ஒரு புறம் வேலி இடித்ததால், எதிரணியும் நாங்களும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த வாங்குகளில் உட்காரவேண்டி இருந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்.

எங்கள் அணியில் பந்தை எறிபவன் சரவணன். சேலத்திலிருந்து மேற்படிப்புக்கு வந்தவன். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து எறிந்து எறிந்து பழுத்த கை அவனுடையது. அவன் எறிந்தால் பந்து சுழன்றுகொண்டு போய் நெஞ்சில் இறங்கும். அதைப் பிடிக்க ஓடுபவன் நான். அவனுக்கு மெல்லப் பேசத் தெரியாது. எந்தப் பக்கம் எறியப் போகிறான் என்பதை எனக்குத் தமிழில் கத்திச் சொல்வான்: வலது என்றால் "சோத்துக்கை", இடது என்றால் "பீச்சாங்கை". இரண்டாவது சொல்லை நான் அவனிடம்தான் கற்றேன். எதிரே நிற்பவர்களுக்கு அது வெறும் இரைச்சல். அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு சில ஆட்டங்களை வென்றோம்.

பருவத்தின் கடைசி ஆட்டம் டுசல்டோர்ஃப் அணியோடு. தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவோம். இறங்கினால் அணியையே கலைத்துவிடுவார்கள் என்ற பேச்சு உடைமாற்றும் அறை முழுக்க இருந்தது. காலையில் மழை பெய்து செங்கல் தூள் சேறாகக் கிடந்தது. ஆட்டம் தொடங்கியதும் எங்களுக்கு எதுவுமே பலிக்கவில்லை. சரவணன் "பீச்சாங்கை" என்று கத்தி வாய்மூடுமுன் எதிரணி முழுவதும் அந்தப் பக்கம் சாயும். நான் பந்தைத் தொடுமுன் மூன்று பேர் என்மேல் கிடப்பார்கள். இப்படிப் பலமுறை சேற்றில் புதைந்தபின், எழுந்து வரும்போதுதான் கவனித்தேன். எதிரணியின் வாங்கருகே, ஒருவனின் கணுக்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்த பெண், சரவணன் வாய் திறந்ததும் தலையை நிமிர்த்தி, அடக்க முடியாமல் சிரித்து, தன் ஆட்களை நோக்கி "ரெஹ்ட்ஸ்!" என்று கத்தினார். ஜெர்மனில் வலது. எங்கள் இடது அவர்களுக்கு வலது அல்லவா. அதையும் கணக்கில் எடுத்து மாற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்!

இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் அவரைப் பிடித்தேன். என்னைவிடச் சில வயது மூத்தவர். உடற்பயிற்சிச் சிகிச்சை படித்துக்கொண்டே அந்த அணிக்கு உதவி செய்பவர். பெயர் வாசுகி.

"அக்கா, நீங்களோ எங்களைக் காட்டிக் குடுக்கிறது?"

"ஓம். பிறகு?" என்றார், கொஞ்சமும் கூசாமல். "நான் இவையின்ர ஆள்தானே. உங்கட ஆள் அந்தச் சொல்லை இந்தக் கத்துக் கத்தினால் சிரிக்காமல் இருக்க ஏலாது, தம்பி."

கோபப்படலாம் என்று போன எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தைச் சரவணனிடம் சொன்னேன். அவன் அசரவில்லை. "ரிவர்ஸ்ல சொல்றேன் மச்சி. லெஃப்ட்னா ரைட். அவங்க கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்க." அப்படியே செய்தோம். முதல் தடவை பலித்து, நான் கோட்டைத் தாண்டினேன். அடுத்த தடவையே வாசுகி அக்கா பிடித்துவிட்டார். மறுபடி நேராகச் சொன்னோம், அதையும் பிடித்தார். பந்து ஒரு பக்கம் இருக்க, ஆட்டம் சரவணனுக்கும் அவருக்கும் இடையே என்று ஆகிவிட்டது. வாங்கில் இருந்த எங்கள் ஆட்கள்கூட ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

கடைசி நிமிடம். சில புள்ளிகள் பின்தங்கி நிற்கிறோம். இன்னும் ஓர் எறிதான், அதைப் பிடித்துக் கோட்டைத் தாண்டினால் வெற்றி. சரவணன் என்னைப் பார்த்தான். என்ன சொல்லப் போகிறான், அதை நான் நேராக எடுப்பதா தலைகீழாகவா என்று நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. அவன் மூச்சை இழுத்து, ரயில் பாதைக்கு அப்பாலும் கேட்கும்படி கத்தினான்:

"சோத்துக்கை! சத்தியமா சோத்துக்கை!"

நான் அவனை நம்பினேன். அவ்வளவுதான். வலதுபக்கம் பாய்ந்தேன். அந்தப் பக்கம் வாசுகி அக்கா "லிங்ஸ்!" என்று இடதைச் சொல்லத் தொடங்கி, ஒரு கணம் தயங்கி, "நைன், ரெஹ்ட்ஸ்!" என்று மறுத்து மாற்றினார். அவருடைய ஆட்களில் பாதிப்பேர் ஒரு பக்கமும் மீதிப்பேர் மறுபக்கமும் ஓடி நடுவில் திகைத்தார்கள். பந்து சுழன்று வந்தது. பேஸ்பாலில் பந்து வீசுபவர் நிற்கும் சிறு மேட்டில் கால் வைத்து எகிறி, அதை நெஞ்சோடு அணைத்து, சேற்றில் சறுக்கிக்கொண்டே கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தேன். வாய் நிறையச் செங்கல். மேலே எங்கள் அணி முழுவதும். அடியில் கிடந்து சிரித்ததில் எனக்கு மூச்சுத் திணறியது.

ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது வாசுகி அக்கா என் முழங்காலில் இருந்த சிராய்ப்பைத் தாமே துடைத்துவிட்டார். துடைத்தபடி சொன்னார்: "இந்த நாட்டில, வீட்டுக்கு வெளியில, தமிழை இவ்வளவு சத்தமா நான் இண்டைக்குத்தான் கேட்டனான். எங்கட அம்மா ட்ராமுக்குள்ள ஏறினாலே 'மெல்லக் கதை, ஆக்கள் பாக்கினம்' எண்டுவா."

எங்கள் வீட்டிலும் அதேதான். அகதியாக வந்த காலத்தில் அம்மாவுக்குப் பழகிப்போன குரல் அது. கடையிலும் ரயிலிலும் அவர் தமிழ் பேசினால் பக்கத்தில் இருக்கும் எனக்கே பாதிதான் கேட்கும். நாங்களும் அப்படியே வளர்ந்தோம். சரவணனுக்கு அந்தப் பயம் தெரியாது. அவனோடு சேர்ந்து ஒரு பருவம் கத்தித் திரிந்ததில் எனக்கும் மறந்துபோயிற்று. அன்று மாலை ரயிலில், சேறு அப்பிய சட்டையோடு, அம்மாவுக்குத் தொலைபேசியில் முழுக் குரலில் ஆட்டத்தைச் சொன்னேன். "ஏன்டா கத்துறாய்?" என்று அவர் அங்கே கிசுகிசுத்தார்.

அந்தத் திடல் இப்போது இல்லை. பேஸ்பால் கழகம் ஊருக்கு வெளியே போய்விட்டது. அங்கே பொதிகள் அனுப்பும் பெரிய கிடங்கு நிற்கிறது. சரவணன் வால்டோர்ஃபில் மென்பொருள் எழுதுகிறான். வாசுகி அக்கா டுசல்டோர்ஃபில் சொந்தமாகச் சிகிச்சை நிலையம் வைத்திருக்கிறார். கிடங்கைக் கடந்து போகையில் எனக்குப் பெரிய துக்கம் ஒன்றும் வருவதில்லை. எங்களுக்கு வேண்டியதை அந்தத் திடல் கொடுத்துவிட்டது.

போன மாதம் ஹம் நிலையத்தில் இறங்கினேன். அம்மா எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். என்னைக் கண்டதும், நடுவில் கிடந்த தண்டவாளங்களுக்கு மேலாக, "இந்தக் குளிருக்குள்ள ஜக்கெற் போடாமலோ வந்தனீ?" என்று கேட்டார். பலர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்த அம்மா, கையை வாயருகே குவித்து, இன்னும் சத்தமாக ஒருமுறை கேட்டார்.