கும்பிடுபூச்சியின் கண்

என் தங்கையின் கணவன் ஷிவாச்சி ஒரு பைத்தியம். எங்கள் ஊரில் அப்படித்தான் பேச்சு. ககமேகா காட்டில் நானும் அவனும் வழிகாட்டிகள். நான் வருகிறவர்களுக்குக் குரங்கைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய் உகாலிக் களி தின்பேன். அவனோ நகக்கண் அளவு பூச்சிக்காகப் பழைய கேமராவோடு ஈரத்தில் குப்புறக் கிடப்பான். "அவரு கட்டிக்கிட்டது என் பொண்ணையா, ஈயையா?" என்று என் அம்மா முஹோன்ஜா என்னிடம் கேட்காத நாளில்லை.

ஆனால் அந்த வாரம் அவன் விளையாட்டுக்குக் கிடக்கவில்லை. நெற்றியில் கொம்பு வைத்த ஒரு குட்டிக் கும்பிடுபூச்சியைக் கண்டுபிடித்து, நைரோபியில் பூச்சி ஆராய்கிற ஓர் அம்மையாருக்குப் படம் அனுப்பியிருந்தான். கண்ணும் கொம்பும் கலங்கலாக இருப்பதால் என்ன இனமென்று சொல்லமுடியாது என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினான். கால் தெளிவு, கண் வெறும் புகை. வெள்ளிக்கிழமைக்குள் சரியான படம் போனால், காட்டுப் பூச்சிகளைக் கணக்கெடுக்கும் ஒரு வருட வேலை அவனுக்கு. இல்லாவிட்டால் யாரோ நகரத்துக்காரனுக்கு. தங்கை வயிற்றில் மூன்றாவது பிள்ளை. அவனுக்குத் தூக்கமே போய்விட்டது, பாவம்.

வெள்ளிக்கிழமை காலை, ஓடைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஒரு புல் நுனியில் அந்தப் பூச்சி உட்கார்ந்திருந்தது. அவ்வளவு பக்கத்தில் போனால் தெளிவு விழும் இடம் ஒரு மயிரிழைதான். அதனால் அவன் லென்ஸைத் திருகவே மாட்டான். முழங்கையை மண்ணில் ஊன்றி, மூச்சை அடக்கி, உடம்பையே துளித்துளியாக முன்னால் சாய்ப்பான். கண் தெளிகிற நொடியில் விரல் அமுங்கும். அன்றைக்கென்று பார்த்துக் காற்று. புல் ஆடி ஆடி எல்லாப் படமும் வீண். நான் சட்டையைக் கழற்றிக் காற்றை மறைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் காற்று வரும் பக்கத்திலிருந்து, தலையில் விறகுக்கட்டோடு என் அம்மா வந்தாள். போச்சுடா என்று நினைத்தேன். எங்களில் மருமகனும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. எதிரே வந்தால் அவன்தான் புதருக்குள் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் பூச்சி பறந்துவிடும், வேலையும் போய்விடும். ஷிவாச்சி கண் கலங்கி எழப் பார்த்தான்.

அம்மா சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"மாப்பிள்ளைய எந்திரிக்க வேணாம்னு சொல்லுடா. நான் இங்க யாரையும் பாக்கல."

தோளில் கிடந்த துணியை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தாள். காற்று அவள்மேல் மோதி நின்றது. புல் அசையவில்லை. விறகை இறக்கி வையேன் என்று மெல்லக் கெஞ்சினேன். காதில் வாங்கவே இல்லை. முக்கால் மணி நேரம் அப்படியே நின்றாள், கழுத்து நரம்பு புடைக்க. இத்தனை நாளும் அவளோடு சேர்ந்து அவனைக் கேலி செய்தவன் நான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"கண்ணு வந்துடுச்சு மச்சான்" என்று கடைசியில் முணுமுணுத்துவிட்டு, ஷிவாச்சி புதருக்குள் ஓடினான்.

வேலை கிடைத்தது. அவன் நன்றி சொல்லச் சொன்னான் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"பூச்சி கண்ணையே தெளிவா எடுக்கிறீங்க. மாப்பிள்ளை மூஞ்சிய அப்படி ஒரு படம் எடுத்துட்டு வா. பன்னெண்டு வருஷமா காலடிச் சத்தத்த வெச்சுத்தான் அவர எனக்குத் தெரியும். படத்தப் பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே?"

எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்ளோ இளைச்சிருக்காரேடா" என்றாள். "நாளைக்குச் சாப்பிட வரச் சொல்லு. நான் அடுப்படியிலயே இருந்துக்கறேன்."