ஜோசபினுக்கு நான் சொல்லாத விதி

கம்ப்யூட்டர் டீச்சர் ஜோசபின் வந்த முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. ரெண்டாயிரங்களின் நடுப்பகுதி. நெல்லித்தோப்பில் ஒரு பள்ளியில் நான் கெமிஸ்ட்ரி வாத்தியார். தண்ணீரைச் சோதித்து, நிலத்தடி நீரைப் பாழாக்காமல் பயிர் வைப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பு எனக்கு.

ஜோசபின் வந்து, "சார், செயற்கை அறிவுல ஒரு புரோகிராம் எழுதுறேன். பிள்ளைங்க டெஸ்ட் ரிசல்ட்ட டைப் பண்ணா, என்ன பயிர் வைக்கலாம்னு அதுவே சொல்லும். உங்களுக்குத் தெரிஞ்ச விதியெல்லாம் சொல்லுங்க" என்றார்.

மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து சொன்னேன். மூன்றாம் வாரம் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து பார்த்தார்.

"பிரமாதம் ஜோசபின்! இனிமே தண்ணிப் பாடத்த இதுவே நடத்தட்டும். சார் லேபப் பாத்துக்கட்டும்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! விதிகள் என்னுடையவை, பாராட்டு அவருக்கு. நாலாம் சனிக்கிழமை ஜோசபின், "இன்னும் ஏதாவது இருக்கா சார்?" என்றார்.

"அவ்ளோதாம்மா" என்றேன்.

ஒன்று இருந்தது. கடலோர போர்வெல்லில் மோட்டார் போட்டதும் நல்ல தண்ணீர் வரும், ஓட ஓட உப்பு ஏறும். அரை மணி ஓடவிட்டுத்தான் பாட்டிலில் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் புரோகிராம் எல்லார் முன்னாலும் அசடு வழியட்டும் என்று காத்திருந்தேன்.

பத்தாம் வகுப்பு கலைவாணிக்கு ஊர் கடலை ஒட்டிய அரியாங்குப்பம். அவள் அப்பா மில் வேலை போனபின் குத்தகை நிலத்தில் பூ போடுபவர். கலைவாணி மோட்டார் போட்டதும் பிடித்த தண்ணீரைச் சோதித்து டைப் செய்தாள். கனகாம்பரம் வைக்கலாம் என்றது கம்ப்யூட்டர். அவரும் நம்பி நட்டார். இரண்டே மாதத்தில் இலையோரம் கருகி, கொல்லை முழுக்கப் போயிற்று.

"நான்தான் எதையோ தப்பா எழுதிட்டேன் சார்" என்று ஸ்டாஃப் ரூமில் ஜோசபின் அழுதார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் கலைவாணி பாட்டிலோடு என்னிடம் வந்தாள். "கம்ப்யூட்டர் சொன்னத அப்பா இனிமே நம்ப மாட்டாராம் சார். நீங்க சொன்னாத்தான் நம்புவாராம்."

அந்த வார்த்தைக்குத்தான் ஏங்கிக் கிடந்தேன். கேட்டதும் கூசிப்போனேன். நேராக கம்ப்யூட்டர் லேபுக்குப் போய் ஜோசபினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் அந்த விதியை டைப் செய்தார்.

இளம் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். மிஷினுக்கு நீங்கள் சொன்னது மட்டும்தான் தெரியும். சொல்லாமல் விட்டதற்கு யாரோ ஒருவரின் கொல்லை கருகும். நான் ரிட்டயர் ஆகும்வரை, என்ன சொன்னாலும் ஜோசபின் ஒரு கேள்வி கேட்காமல் விட்டதில்லை: "அவ்ளோதானா சார்?"