முதுகுப்பக்கம் கேட்ட சொல்

கண்ணாடி முன்னால் நின்று, சத்தமில்லாமல் 'பப்பா' என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் 'மம்மா'. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். நெலிதாவின் ஆறு வருஷக் கஷ்டம் அதுதான்.

பெரு நாட்டின் உவான்காயோ சந்தையில் அவள் உருளைக்கிழங்கு விற்கிறாள். பக்கத்தில் நான் பாலாடைக்கட்டி. அவள் மகள் யானெத்துக்கு நான் ஞானத்தாய், அதனால் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் 'கொமாத்ரே'. யானெத் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த மூளைக்காய்ச்சல் நெலிதாவின் இரண்டு காதையும் வாரிக்கொண்டு போயிற்று. வாயசைவைப் பார்த்தே வியாபாரம் செய்தாள். விலையில் அவளை ஏமாற்ற ஒருத்தராலும் முடிந்ததில்லை. மகளின் முதல் சொல்லில்தான் தடுமாறிப் போனாள். "பப்பான்னுதான் சொன்னா" என்று கணவன் ரொசெந்தோ ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான். அவள் பார்த்ததோ உதட்டை மட்டும்.

யானெத் அம்மாவைக் கூப்பிடவே மாட்டாள், பாவாடையைப் பிடித்து இழுப்பாள். கூப்பிட்டுப் பலனில்லை என்று தெரிந்த பிள்ளை.

போன வருஷம் லிமாவில் ஒரு காதுக்குள் காக்ளியர் கருவி பதித்தார்கள். மறு காதுக்குக் காது மெஷின். கருவியை முடுக்கிவிட்ட அன்றே அழுதாள்.

"எல்லாரும் தகர டப்பாக்குள்ள வாத்து கத்துற மாதிரி பேசுறீங்க, கொமாத்ரே."

தினமும் பயிற்சி. ரொசெந்தோ தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்வான். எதைச் சொன்னாலும் அவள் கிழங்கு என்பாள். எங்கள் பாஷையில் உருளைக்கிழங்கும் 'பப்பா'தான், அழுத்தம் மட்டும் வேறு.

"உனக்குக் காதுல கருவி வெக்கல, கிழங்கு நட்டுட்டாங்க" என்றேன். என் வாயைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மக கூப்பிடறது தெரியலைன்னா, இது எனக்கு எதுக்கு?"

நான் ஒரு துண்டு பாலாடைக்கட்டியை வெட்டி அவள் கையில் வைத்தேன்.

ஏழு மாதம் போயிற்று. ஒரு ஞாயிறு, சந்தையில் கால்வைக்க இடமில்லை. நாலு பக்கமும் "பப்பா, பப்பா" என்று கிழங்குக்காரர்களின் கூவல். நெலிதா குனிந்து மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பத்தடி பின்னால், மிளகாய்க் குவியல் பக்கம் நின்ற யானெத் கத்தக்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னாள்.

"மம்மா."

நெலிதாவின் கை நின்றது. திரும்பினாள். நான் சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன். அத்தனை பப்பாவுக்கு நடுவில் அந்த ஒன்றை எப்படித்தான் பொறுக்கி எடுத்தாளோ.

"கூப்பிட்டியாடி?"

பிள்ளை திகைத்துப்போய் நின்றாள். அம்மா திரும்புவாள் என்று அவள் நினைக்கவே இல்லை.

"சும்மா" என்றாள்.

அப்புறம் என் கடைக்குப் பின்னால் போய்க் கூப்பிட்டாள். சோளக்காரி பக்கம் போய்க் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் தள்ளித் தள்ளிப் போனாள். ஒவ்வொரு தடவையும் நெலிதா திரும்பினாள். வாங்க வந்தவர்கள் பையோடு காத்து நின்றார்கள்.

"இன்னிக்கு யாவாரம் உண்டா இல்லையா?" என்றான் ரொசெந்தோ.

"கொஞ்சம் வாய மூடு" என்றாள் நெலிதா. "என் மக கூப்பிடுறா."