வாப்பாவின் காலும் ஓர் எழுத்தும்

எங்கள் வீட்டில் குளிசைப் பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும்போதே அந்தப் பதவி எனக்கு வந்துவிட்டது. வாப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. சவளக்கடை வயலில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அடிக்கடி புண் வரும். டாக்டர் ஏழு நாளுக்குக் குளிசை எழுதுவார். மூன்றாம் நாள் வீக்கம் வற்றியதும் நான் நிறுத்திவிடுவேன்; மிச்சம் அடுத்த புண்ணுக்கு.

"புள்ள படிச்சவ, ஒண்டையும் வீணாக்கமாட்டா" என்று உம்மா பக்கத்து வீட்டில் சொல்லுவா. எனக்குப் பெருமையாக இருக்கும்.

பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு கிருமிகளின் அடக்கிப் புரதங்களைப் பற்றியது. சில கிருமிகளிடம் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகள் உண்டு. பம்பு தேவையில்லாதபோது, ஒரு புரதம் டி.என்.ஏ.யின் பள்ளத்தில் பொருந்தி உட்கார்ந்து பம்பை உண்டாகவிடாமல் மறிக்கும். அந்தப் புரதத்தின் மரபணுவில் ஓர் எழுத்து பிசகினாலே சிலவேளை போதும். பள்ளத்துக்குள் நுழையும் பகுதி கோணிவிடும், பிடி நழுவும். பிறகு பம்புக்கு ஓய்வில்லை.

சென்ற வருடம் வாப்பாவின் புண் ஆறவில்லை. மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்கவில்லை. அவருடைய சம்மதத்தோடு, புண்ணில் வளர்ந்த கிருமியின் மரபணுக்களை எங்கள் ஆய்வுகூடத்தில் வாசித்தோம். அதே மரபணுவில், அதே பகுதியில், ஓர் எழுத்து மாறியிருந்தது.

அந்த எழுத்தை என் குளிசைகள் மாற்றவில்லை. அப்படியான மாற்றம் தானாக நடப்பது. ஆனால் அரைகுறையாகத் திரும்பத் திரும்பக் கொடுத்த மருந்து மற்றக் கிருமிகளைக் கொன்று இதற்கு இடம் ஒதுக்கியிருக்கும். நிரூபிக்க முடியாது. எனக்குத் தெரியும்.

காலை எடுக்கச் சம்மதப் படிவம் வந்தது. "வாசி, மகள்" என்றார் வாப்பா. வாசித்தேன். பிறகு சொன்னேன்.

"வாப்பா, குளிசைய இடையில நிப்பாட்டினது நான்தானே."

"ஓம். அதுக்கென்ன?"

"அதாலதான் இப்ப மருந்து கேக்காமப் போயிருக்கும்."

அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். "அப்ப நீ வயல் காசால மட்டும் படிக்கல்ல. என்ட காலாலயும் படிச்சிருக்காய்."

"சும்மா இரிங்க" என்று உம்மா அழுதா. வாப்பா பெருவிரலில் மை பூசி, படிவத்தில் அழுத்தினார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இப்போது குளிசை வாங்கினால், வாப்பா பாமசிக்காரரிடமே பெட்டியை நீட்டி, "இது எத்தின நாளைக்கு, தம்பி?" என்று கேட்கிறார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.